வலிக்கிற இடத்தில் ஒரு கிளிப்

சின்ன அடிதானாம். நாலு பேரு முன்னால, கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டே சொல்லிட்டாரு எங்க ஆஸ்பத்திரிப் பொறுப்பு டாக்டர், ஆர்.எம்.ஓ. அருணகிரி. ரெண்டு நாள் மாத்திரை போட்டா சரியாயிருமாம். அவரு விலாவுல பட்டிருந்தா தெரிஞ்சிருக்கும் சின்னதா பெருசான்னு. மணி பத்தே முக்கால். பன்னிரண்டு மணிக்கு ஸ்டேஷன்ல இருந்து கான்ஸ்டபிள் வந்து என்னோட காயச் சான்றிதழை வாங்கிட்டுப் போயிருவாரு. அதுல ஒரே ஒரு கட்டம் இன்னும் காலியா இருக்கு. எலும்பு முறிஞ்சிருந்தா கொடுங்காயம், முறியலைன்னா சாதாக் காயம். கொடுங்காயம்னா என்னைத் தள்ளிவிட்ட அந்தக் கோமதிநாயகம் கோர்ட்டுப் படி ஏறணும். சாதாக் காயம்னா ஸ்டேஷன்லயே ஒரு டீயைக் குடிச்சிட்டு, மன்னிப்புன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துட்டு, அடுத்த வாரமே என் எக்ஸ்ரே ரூம் கதவை உதைச்சுத் திறந்துக்கிட்டு வருவான். அந்த ஒரு கட்டத்துக்காகத்தான் இந்த இரும்பு பெஞ்சுல, ஸ்கேன் ரூம் வாசல்ல, வயித்துப் பிள்ளைக்காரிங்க நடுவுல, விலாவைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். பக்கத்துல இருக்கிற பொண்ணு ரெண்டு தடவை என் வயித்தைப் பாத்துட்டா. எத்தனாவது மாசம்னு கேக்க வாய் துறுதுறுங்குது, என் நரைச்ச முடியைப் பாத்துட்டு அடக்கிக்கிட்டா. கேட்டிருந்தா ஏழுன்னு சொல்லியிருப்பேன். இடது பக்கம், ஏழாவது எலும்பு. சிரிப்பு வருது. சிரிக்கக் கூடாது, சிரிச்சா குத்தும். சிரிப்பையும் பிடுங்கிட்டுப் போயிட்டான் பாவி.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டரை இருக்கும். பதினாலாம் டோக்கன் உள்ள இருக்காரு, வயசானவரு, சட்டையைக் கழட்டிட்டு ஸ்டாண்டுல நெஞ்சை ஒட்டி வச்சு நிக்காரு. கதவை உதைச்சுக்கிட்டு இவன் வரான். ரோடு கான்ட்ராக்டரு, ஊர்ல பாதிப் பேருக்கு மாப்பிள்ளை மச்சான் முறை. மாமியாருக்கு எக்ஸ்ரே எடுக்கணும், இப்பவே எடுன்னான். வரிசையில வாங்கன்னேன். அவ்வளவுதான் நான் சொன்னது. வாங்கன்னுதான் சொன்னேன், வாடான்னு கூடச் சொல்லல. சொல்லியிருக்கணும். நாலு நாளா அதையே நினைச்சுக்கிட்டு இருக்கேன், எப்படியும் தள்ளத்தான் போறான்னு தெரிஞ்சிருந்தா நல்லா நாலு வார்த்தை கேட்டுட்டாவது விழுந்திருக்கலாம். தோளைப் பிடிச்சு ஒரு தள்ளு. டேபிள் மூலை விலாவுல இறங்குச்சு. உள்ளுக்குள்ள ஒரு சத்தம், ஈர்க்குச்சி ஒடியுற மாதிரி. எனக்கு மட்டும்தான் கேட்டுது. காதுல கேட்டதைச் சான்றிதழ்ல எழுத ஒரு கட்டம் கிடையாது. அந்தப் பதினாலாம் டோக்கன் பெரியவருதான் வெறும் மேலோட ஓடி வந்து என்னைத் தூக்கினாரு. வெளிய வரிசையில இருபது பேரு நின்னாங்க. ஒருத்தரும் பாக்கலையாம். கதவு மூடியிருந்துச்சாம். அவன் உதைச்ச கதவு எப்பய்யா மூடியிருந்துச்சு.

தனிஸ்லாஸ்தான் எனக்குப் படம் எடுத்தான். அடுத்த ஷிப்டு டெக்னீஷியன், என்னோட ஒண்ணா வேலைக்குச் சேந்தவன், நல்ல மனுஷன். எங்க வலிக்குது மதின்னு கேட்டான். விரலை வச்சுக் காட்டினேன். மேஜை டிராயரைத் திறந்து ஒரு பேப்பர் கிளிப்பை எடுத்து, பிளாஸ்திரியைக் கிழிச்சு, நான் விரல் வச்ச இடத்துலயே பொத்துனாப்புல ஒட்டினான். அது எங்க ஆஸ்பத்திரி வழக்கம். வலிக்கிற இடத்துல கிளிப்பை ஒட்டி எடுத்தா படத்துல அது வெள்ளையா விழும், டாக்டருக்குத் தேட வேண்டாம், அந்த இடத்தைப் பாத்தா போதும். இருபத்திரண்டு வருஷமா நானும் ஒட்டியிருக்கேன், எத்தனை விலா, எத்தனை முதுகு. அப்புறம் சொன்னான், மூச்சை நல்லா இழுத்துப் பிடி. இழுத்தேன் பாருங்க, கண்ணுல தண்ணி தெறிச்சிருச்சு. ஒரு நாளைக்கு முப்பது பேருக்கு நான் சொல்றது. இழு, பிடி, விடாத, ம், விடு. முடியலம்மான்னு சொன்னவங்களை அதட்டியிருக்கேன். ஒரு மூச்சைப் பிடிக்க முடியலையா உனக்குன்னு கேட்டிருக்கேன். அரை மூச்சுலதான் என்னால நிக்க முடிஞ்சுது. தனிஸ்லாஸ் அதட்டல. படத்தைக் கம்ப்யூட்டர்ல பாத்தான், நானும் பாத்தேன். கிளிப்பு பளிச்சுன்னு இருந்துச்சு. எலும்பெல்லாம் வரிசையா ஒழுங்கா இருந்துச்சு. ஒண்ணும் தெரியலையே மதின்னான். ஆர்.எம்.ஓ. வந்தாரு, கிளிப்பைப் பாத்தாரு, கிளிப்பைச் சுத்திப் பாத்தாரு, முறிவு இல்லைன்னுட்டுப் போயிட்டாரு. ராத்திரி தூக்கம் வராம ஒருக்களிச்சுப் படுத்தப்பதான் எனக்குப் பொறி தட்டுச்சு. கிளிப்புக் கம்பி வெள்ளையா விழும். கம்பி இருக்கிற இடத்துல அதைத் தவிர வேற ஒண்ணும் விழாது. கொஞ்சம் தள்ளி ஒட்டணும் அதை. வலிக்கிற இடத்து மேலயே ஒட்டினா வலியைத்தான மூடுறோம். இருபத்திரண்டு வருஷம். யாருக்கும் தோணல. எனக்கே இடிச்ச பிறகுதான் தோணுது.

சனிக்கிழமை காலையில போய் நின்னேன் ஆர்.எம்.ஓ. முன்னால. சார், எக்ஸ்ரேல விலா முறிவு பாதிக்குப் பாதி தப்பிப் போயிரும், வளைஞ்ச எலும்பு, பக்கவாட்டுல நகராம விரிசல் விட்டிருந்தா நேர்ப் படத்துல தெரியாது, கிளிப்பு வேற மேல கிடக்கு, ஸ்கேன் பாத்துட்டு எழுதுங்கன்னேன். அதுக்கு அவரு கேக்காரு, ஸ்கேன்ல எலும்பு தெரியுமா மேடம், எலும்புக்கு எக்ஸ்ரேதானே, உங்களுக்கே தெரியாதான்னு. எனக்கா தெரியாது? ட்ரெயினிங்ல ஒருத்தரு ஒரே ஆளோட மூணு படத்தைப் போட்டுக் காட்டினாரு. எக்ஸ்ரேல ஒண்ணும் இல்ல. ஸ்கேன்ல ஒரு எலும்பு விரிசல் விட்டிருக்கு. சி.டி.ல ரெண்டு. அப்ப மத்தியானச் சாப்பாட்டு மயக்கத்துல பாதிப் பேரு தூங்கிட்டாங்க, நான் முழிச்சிருந்தேன். ஸ்கேன் எலும்புக்கு உள்ள போகாதுதான், ஆனா எலும்பு மேல்பரப்பை ஒரு வெள்ளைக் கோடா காட்டும், கோடு எங்க அறுந்திருக்கோ அங்க முறிவு. ஆனா அதுக்குப் பொறுமை வேணும். எக்ஸ்ரே ஒரு அமுக்குல முடிஞ்சிரும். ஸ்கேன்ல கருவியைக் கையில பிடிச்சுக்கிட்டு எலும்பு எலும்பா தடவிட்டே போகணும், வலிக்கிற ஆளை எங்க எங்கன்னு கேட்டுக்கிட்டே போகணும். தோள்பட்டை எலும்புக்கு அடியில இருந்தா அதுலயும் தெரியாது. அப்பன்னா சி.டி. எடுங்க சார்னேன். சி.டி. தலையில அடிபட்டவங்களுக்கு மேடம், இந்தச் சின்ன அடிக்கு எதுக்கு அவ்வளவு கதிர்வீச்சுன்னாரு. கதிர்வீச்சு! என்கிட்ட! நெஞ்சுல பேட்ஜைக் குத்திக்கிட்டு நிக்கிற என்கிட்ட. மூணு மாசத்துக்கு ஒரு தடவை இந்தப் பேட்ஜு எங்கேயோ போயிட்டு வரும், எவ்வளவு வாங்கியிருக்கேன்னு கணக்குப் பாத்து ஒரு தாள் வரும், ஒண்ணும் இல்லைன்னு. எனக்கு எப்பவும் ஒண்ணும் இல்லதான். கடைசியில மனசு வந்து சொன்னாரு, செவ்வாய்க்கிழமை ஸ்கேன் டாக்டர் நஸ்ரின் வருவாங்க, பன்னிரண்டு மணிக்குள்ள அவங்க எழுதிக் குடுத்தா பாப்போம், இல்லைன்னா சாதாதான், ஸ்டேஷன்ல நச்சரிக்கிறாங்கன்னாரு.

பதினொண்ணு அஞ்சு. இன்னும் ஆறு பேரு எனக்கு முன்னால. வரிசையை மீறி உள்ள போகலாம், ஸ்டாப்புதானே, வாசல்ல நிக்கிற ஆயா கூட ரெண்டு தடவை கண்ணைக் காட்டிட்டா. போக மாட்டேன். வரிசையில வாங்கன்னு சொல்லித்தான இந்த அடி. இப்ப நானே வரிசையை உடைச்சா அவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம். ஆனா பன்னிரண்டு ஆயிருச்சுன்னா? இந்த ரோஷம் எல்லாம் எதுக்கு ஆகும்? பக்கத்துப் பொண்ணு பாட்டில் தண்ணியைக் கடகடன்னு குடிக்குது, மூத்திரப்பை நிறைஞ்சாத்தான் உள்ள விடுவாங்க. ஆயா பினாயிலை ஊத்தித் தரையைத் துடைக்கா. வேண்டாம், இப்ப வேண்டாம், மூக்கு நமநமங்குது. தும்மல் வரக் கூடாது. முருகா. நாலு நாள்ல ஒரே ஒரு தடவை தும்மினேன், குழம்புக்குத் தாளிக்கையில, அப்படியே அடுப்படித் தரையில உக்காந்துட்டேன். மூக்கை நசுக்கிப் பிடிக்கிறேன். போ, போயிரு. போயிருச்சு. இல்ல. வந்துருச்சு. ஐயோ. கத்தி. உள்ள யாரோ கத்தியைச் சொருகித் திருப்புற மாதிரி. பெஞ்சே இருட்டிக்கிட்டு வருது. அந்தப் பொண்ணு கையைப் பிடிச்சுக்கிட்டு, என்னக்கா பண்ணுது, என்னக்காங்குது. ஒண்ணும் இல்லம்மா. பாரு, என் வாயில என்ன வருதுன்னு. ஒண்ணும் இல்லையாம். வாய்ப் பழக்கம். படம் எடுத்துட்டுக் கீழ இறங்கும்போது எல்லாரும் கேப்பாங்க, என்னம்மா இருக்கு, என்னம்மா தெரியுது. படத்தை எடுக்கிறதுதான் எங்க வேலை, படிக்கிறது டாக்டர் வேலை, வாயைத் திறக்கக் கூடாதுன்னு சட்டம். ஆனா ஒண்ணும் இல்லம்மா, போன்னு சொல்லுவோம். அதுக்கு யாரும் கோவிக்க மாட்டாங்க. இல்லைன்னு சொல்ல எனக்கு அதிகாரம் உண்டு, இருக்குன்னு சொல்லத்தான் அதிகாரம் இல்ல.

ஒருவேளை ஸ்கேன்லயும் இல்லைன்னா? எலும்புல ஒண்ணும் இல்லாம வெறும் சதைவலின்னா? அப்ப நான் பொய்க்காரி. நாடகக்காரி. மதி மேடம் ஒரு தள்ளுக்குக் கேஸு போடப் பாத்தாங்கன்னு கேன்டீன் வரைக்கும் சிரிப்பாங்க. சே, என்ன பொழைப்பு இது, என் எலும்பு முறிஞ்சிருக்கணும்னு நானே சாமி கும்பிட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன். அவளும் அப்படித்தான் கும்பிட்டிருப்பாளோ. வேண்டாம். அவளை இப்ப நினைக்க வேண்டாம். நாலு நாளா பக்கத்துலயே வந்து நிக்கா, நான்தான் முகத்தைத் திருப்பிக்கிட்டு இருக்கேன். ஆவுடையம்மாள். பீடி சுத்துறவ, முப்பத்தொரு வயசு. போன ஐப்பசியில வந்தா, போலீஸ் மெமோவோட. மத்தவளுங்க மாதிரி கால் வழுக்கி விழுந்தேன்னு சொல்லல, புருஷன் மிதிச்சான், இங்கன மிதிச்சான்னு நேராச் சொன்னா. இடது விலாவுல விரலை வச்சா. நான் கிளிப்பை எடுத்து ஒட்டினேன். மூச்சை இழுத்துப் பிடின்னேன். வலிக்கிம்மா, முடியலம்மான்னா. ஒரு மூச்சைப் பிடிக்க முடியலையா உனக்கு. அதை அவகிட்டதான் கேட்டேன். மறந்த மாதிரி இருந்தேன், மறக்கல. படத்துல கிளிப்பு பளிச்சுன்னு இருந்துச்சு. ஒண்ணும் இல்லம்மா, போன்னேன். சாதாக் காயம்னு எழுதினாங்க. அன்னைக்குச் சாயங்காலமே அவனை விட்டுட்டாங்க.

தை மாசம் மறுபடியும் வந்தா. இந்தத் தடவை கை. முன்கை எலும்பு ரெண்டும் முறிஞ்சு, படத்துல குருடனுக்கும் தெரியும். டேபிள்ல கிடந்துக்கிட்டே என்னைப் பாத்துக் கேட்டா, இப்பவாது தெரியுதாம்மான்னு. கோவமா கேட்டிருந்தா பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். கோவமே இல்லாம கேட்டா. கைக்கு ஆபரேஷன், அதனால மயக்கம் குடுக்கிறதுக்கு முன்னால நெஞ்சுப் படம் ஒண்ணு எடுக்கச் சொன்னாங்க. எடுத்தேன். இந்தத் தடவை கிளிப்பு இல்ல. இடது பக்கம் மூணு எலும்புல, அடுத்தடுத்து, குமிழ் குமிழா மூணு முடிச்சு. முறிஞ்ச எலும்பு ஒட்டும்போது அப்படித்தான் புடைச்சுக்கிட்டு ஒட்டும். ரெண்டரை மாசத்துல நல்லா ஒட்டியிருந்துச்சு, பாவி எலும்பு, யாரும் கேக்காமலேயே. ஐப்பசியில அவ விரல் வச்ச அதே இடம். பாத்தேன். உத்து உத்துப் பாத்தேன். ஃபாரத்துல என்ன கேட்டிருந்துச்சு? இதயம், நுரையீரல், மயக்கம் தாங்குமா. தாங்கும்னு எழுதிட்டாரு டாக்டர். எலும்பைப் பத்தி யாரும் கேக்கல. நான் சொல்லல. படிக்கிறது என் வேலை இல்லையே. எவ்வளவு சௌகரியமா வந்து நின்னுச்சு அந்தச் சட்டம் அன்னைக்கு. போன மாசம் ஜன்னல்ல வந்து நின்னா, கேஸு வாய்தாவுக்கு வருது, கையை முறிச்சதுக்கு முன்னால அடிச்சதே இல்லைன்னு அவன் சொல்லுதான், பழைய படத்துக்கு ஒரு காப்பி குடுங்கம்மா, வக்கீலு கேக்காருன்னா. அதுல ஒண்ணும் இல்லம்மா, வாங்கி என்ன செய்யப் போறன்னு நான் கேட்டேன். இந்த வாயால. அருணகிரியைத் திட்டுறேன், கோமதிநாயகத்தைத் திட்டுறேன், வரிசையில நின்ன இருபது பேரைத் திட்டுறேன். கதவு மூடியிருந்துச்சுன்னு அவங்க சொன்னதுக்கும் நான் சொன்னதுக்கும் என்ன பெரிய வித்தியாசம். ஆயா என் பேரைக் கூப்பிடுறா, காந்திமதி, காந்திமதி யாரும்மான்னு, இருபத்திரண்டு வருஷமா என்னைத் தெரிஞ்சவ. பதினொண்ணு நாப்பது.

நஸ்ரின் டாக்டர் சின்ன வயசு, முகத்துல களைப்பு. எக்ஸ்ரே படத்தைப் பாக்கவே இல்ல, ஒருக்களிச்சுப் படுங்கன்னாங்க. ஜெல் சில்லுன்னு இருந்துச்சு. அப்புறம் ஒண்ணு சொன்னாங்க. "வலிக்கிற இடத்துல நீங்களே விரலை வைங்க. நான் விரலுக்குப் பக்கத்துல வரேன், அப்புறம் நீங்க விரலை எடுத்துருங்க." அவ்வளவுதான். எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துருச்சு. வலியில இல்ல, ஆத்திரத்துல. இவ்வளவு எளுசா இது? விரலை வைக்கச் சொல்லணும், அப்புறம் அந்த இடத்தை மூடாம பாக்கணும். அவளும் விரலை வச்சாளே. அவ விரல் வச்ச இடத்துலதானே நான் கிளிப்பை வச்சேன். கருவி எலும்பு மேல மெல்ல ஏறுது, அழுத்துது, பல்லைக் கடிச்சுக்கிட்டுத் திரையைப் பாக்குறேன். வெள்ளைக் கோடு. ஓடுது, ஓடுது, நேரா ஓடுது, போச்சு, ஒண்ணும் இல்ல, நாடகக்காரின்னு நினைக்கிறதுக்குள்ள, நான் விரல் வச்சிருந்த இடத்துல, கோடு அறுந்து ஒரு படி இறங்கி மறுபடியும் தொடங்குது. ஏழாவது எலும்பு. டாக்டர் ரெண்டு தடவை அளந்தாங்க. இவ்வளவு தெளிவா இருக்கே, எக்ஸ்ரேல எப்படி விட்டாங்கன்னு கேட்டாங்க. கிளிப்புக்கு அடியில இருந்திருக்கும் டாக்டர்னேன். அங்க இருந்தே ஆர்.எம்.ஓ.வுக்குப் போன் பண்ணி, முறிவு இருக்கு, ரிப்போர்ட் வருது, அதுவரைக்கும் கட்டத்தைக் காலியாவே வைங்கன்னாங்க. மறுமுனையில என்ன சொன்னாருன்னு தெரியல, இவங்க திருப்பிச் சொன்னது கேட்டுது, சின்னதா பெருசான்னு நான் கேக்கல சார், முறிவு இருக்குன்னுதான் சொல்றேன்னு.

மணி பதினொண்ணு அம்பத்திரண்டு. எந்திரிச்சு சேலையைச் சரி பண்ணிட்டு ரிப்போர்ட்டை வாங்கிட்டு ஓட வேண்டியதுதான். ஜெயிச்சாச்சு. கோமதிநாயகம் கோர்ட்டுக்குப் போவான். சந்தோஷமா இருக்கணும். ஆனா கட்டிலை விட்டு இறங்கல நான். ஆயா அடுத்த பேரைக் கூப்பிட்டுட்டா, தண்ணி குடிச்ச பொண்ணு கதவுல நிக்கா, அவளால அடக்க முடியல, எனக்குப் புரியுது. ஒரு நிமிஷம்மான்னு அவகிட்ட சொன்னேன். டாக்டர்கிட்ட சொன்னேன், "இன்னொரு படம் இருக்கு டாக்டர், தை மாசம் எடுத்தது. மூணு எலும்பு முறிஞ்சு ஒட்டியிருக்கு. நான் அன்னைக்கே பாத்தேன். பாத்துட்டு யாருகிட்டயும் சொல்லல." டாக்டர் கையுறையைக் கழட்டிக்கிட்டு இருந்தவங்க நிறுத்திட்டு என்னைப் பாத்தாங்க. பாதி கழண்ட கையுறை விரல்ல தொங்குது. டெக்னீஷியன் படிக்கக் கூடாதுல்ல, ஏன் படிச்சன்னு ஒருத்தன் கேப்பான், படிச்சவ ஏன் சொல்லலைன்னு இன்னொருத்தன் கேப்பான், ரெண்டு பக்கமும் மாட்டிக்குவீங்களேன்னு மெதுவா சொன்னாங்க. தெரியும்னேன். அப்புறம் கேட்டாங்க, எழுத்துல தருவீங்களான்னு. என் ஸ்கேன் சீட்டையே திருப்பிப் போட்டு, பேனாவை நீட்டினாங்க. இடது கையால விலாவைப் பிடிச்சுக்கிட்டு எழுதினேன். ஆவுடையம்மாள், வயது முப்பத்தொன்று, நெஞ்சுப் படம், இடது பக்கம். படத்தோட நம்பர் வேணும், ரிஜிஸ்டரைப் பாத்துட்டு வாங்க, நான் இங்கதான் இருப்பேன்னாங்க. பாக்க வேண்டாம் டாக்டர்னு சொல்லிட்டு நம்பரை எழுதினேன். அஞ்சு மாசமா அது எனக்கு மனப்பாடம்.